பழைய மருந்து ஸ்டோர் இருந்த எடம்: எத டெஸ்ட் பண்றது?

பொன்னி:
வணக்கம். மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டத்துப் புள்ள நானு. பாட்டி 20 வருசம் முதுகுல பம்ப மாட்டி மருந்தடிச்சவங்க. கடைசி வருச புரோஜெக்டுக்கு லயத்துக்கு (தோட்டத் தொழிலாளிங்க வீட்டு வரிசை) பின்னால மருந்து ஸ்டோர் இருந்த எடத்த எடுத்திருக்கேன், இப்ப அங்க கோழி மேயுது, கீரை போட்டிருக்காங்க. கெணத்துத் தண்ணிய லேப்புக்கு அனுப்பினா பூச்சிமருந்து ஒண்ணுமில்லன்னு வந்துருச்சு. பாராகுவாட்ங்கிற களைக்கொல்லிய தேடுன்னு சொல்றாங்க, சரியா?

செம்பனைக்காடு:
தங்கச்சி, பாராகுவாட் கொடூர விஷந்தான், 2020 ஜனவரி 1லேர்ந்து இங்க தடை, ஆனா வருசக்கணக்கா ஒடம்புக் கொழுப்புல சேந்துக்கிட்டே போற ரகம் அது இல்ல. லேசுல அழியாத விஷங்கள ஒழிக்க உலக நாடுங்க 2001ல செஞ்ச ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்துல போட்ட மொத 12 சாமானப் பாருங்க, டிடிடி, டீல்ட்ரின்ங்கிற பூச்சிமருந்துங்க, டையாக்சின்ங்கிற நச்சு எல்லாம் அதுல இருக்கு. நம்ம தோட்டத்துல அந்தக் காலத்துல வயசான பால்மரத்த (ரப்பர் மரம்) கொல்ல 2,4,5-டிங்கிற களைக்கொல்லிய டீசல்ல கலந்து அடிமரத்துல பூசுவாங்க, அந்த மருந்த செய்யிறப்பவே டையாக்சினும் கூடவே உருவாகிடும். அது மனுசன் ஒடம்புல பாதியா கொறையவே 7 வருசம் போல ஆகும்.

இதெல்லாம் கொழுப்புல கரையிற சாதி, தண்ணியில தேடினா சிக்காது, அதான் உங்க ரிப்போர்ட் சுத்தம். கால்வா சேறு, மீனு, எல்லாத்துக்கும் மேல அந்தக் கோழிங்க போடுற முட்டை! மண்ணக் கொத்தித் தின்னது மஞ்சக்கருவுல வந்து நிக்கும். மண்ண கண்ணாடி போத்தல்ல எடுங்க, பிளாஸ்டிக் வேணாம்.

லெட்சுமி அக்கா:
டிடிடின்னா என்னான்னு எங்கள கேளுங்க. 1967க்கு அப்புறம் மலேரியா ஒழிக்க வந்தவங்க லயத்து செவுத்துக்கே அடிச்சாங்க, சட்டிபானைய வெளிய தூக்கி வெச்சிட்டு நிப்போம், காஞ்சதும் செவுரு மாவு பூசுன மாதிரி இருக்கும், புள்ளைங்க வெரலால அதுல படம் கிறுக்கும். பாராகுவாட்ட நான் வெறுங்கையால கலக்கினவ, நகம் கறுத்து உதுந்துச்சு. காலி ட்ரம்ம கழுவி தண்ணியும் புடிச்சோம், யாரு வேணாம்னு சொன்னா? எங்கப்பா காலத்துல லாலாங்கு புல்லக் கொல்ல வேற ஒரு மருந்து, அடிச்ச புல்ல மாடு மேஞ்சா அவ்ளோதான்.

செம்பனைக்காடு:
அக்கா சொல்றது சோடியம் ஆர்செனைட். பொன்னி, இத விட்றாதீங்க! ஆர்செனிக் தனிமம், எத்தன வருசமானாலும் செதையாது, இது மட்டும் தண்ணியிலயும் வரும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்.

பொன்னி:
ரிப்போர்ட்ட மறுபடி பாத்தேன், ஆர்செனிக்க டெஸ்டே பண்ணல. முட்டை கேக்கப் போனா பக்கத்து வீட்டம்மா காசு வாங்க மாட்டேன்னுட்டாங்க, நாட்டுக்கோழி முட்டம்மா ஒடம்புக்கு நல்லதுன்னு 6 குடுத்தாங்க. என்னான்னு சொல்றது அவங்ககிட்ட.