கொந்தகை ராட்சத எலும்புக்கூடும் ஒரு மறுப்பு அட்டையும்

[காலை 7:12] பாண்டி: (படம்) "கொந்தகையில் 18 அடி மனித எலும்புக்கூடு! மறைக்கப்படும் உண்மை!!" நம்ம கீழடி பக்கத்துக் கொந்தகையத்தான் சொல்றாங்க. ரெட்டை அம்புக்குறியோட தெரு குரூப் வரைக்கும் வந்துருச்சு. நம்ம பக்கத்துல மறுப்பு அட்டை போட்ருவமா?

[7:20] முருகேசன் சார்: போடணும். பழைய சரக்கு. 2002ல வொர்த்1000ங்கிற தளம் வச்ச ஃபோட்டோஷாப் போட்டிக்கு, அயர்ன்கைட்ங்கிற பேர்ல ஒருத்தர் செஞ்ச ஒட்டுவேலை. அடியில தெரியிற குழி, 2000ல நியூயார்க் மாநிலம் ஹைட் பார்க்குல மாஸ்டடான்ங்கிற, யானை மாதிரியான பழங்கால விலங்கோட எலும்பத் தோண்டுன இடம். 2007லயே நேஷனல் ஜியோகிராஃபிக் விளக்கிருச்சு. இதே படம் கடோத்கஜன்னும் ஒரு சுத்து சுத்துச்சு. ஊர்ப் பேருதான் மாறுது.

[7:26] செல்வி அக்கா: தலைப்புல "18 அடி எலும்புக்கூடா?"ன்னு கேக்காதீங்க தம்பி. பாதிப் பேரு தலைப்போட நகந்துருவாங்க, மனசுல 18 அடிதான் தங்கும். முதல் வரி நிஜம். வதந்தி அதுக்குக் கீழ, ஒரே ஒரு தடவ. அப்புறம் படம் எங்க இருந்து வந்துச்சுன்னு.

[7:27] செல்வி அக்கா: பொய்ப் படத்தச் சின்னதா வச்சு, மண்டையோட்டு மேலயே குறுக்க சிவப்புப் பட்டை போடுங்க. ஓரத்துல "போலி"ன்னு முத்திரை வச்சா எவனாச்சும் அத வெட்டிட்டு மறுபடி ஓட விடுவான்.

[7:31] கவிதா: நிஜத்துக்கு என்ன படம் வைக்கக்கா?

[7:35] செல்வி அக்கா: முதுமக்கள் தாழி. 2025ல லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலை, கொந்தகை மண்டையோடுகள வச்சு ரெண்டு ஆம்பளைங்க முகத்த வடிச்சாங்கல்ல, அதுவும் ஆகும். ஆனா "இதுதான் கீழடித் தமிழன் முகம்"னு எழுதிறாதீங்க. எலும்பு சொல்றது தாடை, கண்குழி, மூக்கோட அமைப்புதான். தோல் நிறமும் முடியும் ஊகம்னு சேத்தே போடணும்.

[7:38] பாண்டி: "2600 வருசத்து எலும்பு"ன்னு போடலாமா சார்?

[7:44] முருகேசன் சார்: கூடவே கூடாது. அந்தக் கணக்கு எலும்போடது இல்ல. கீழடியில 353 செ.மீ. ஆழத்துல எடுத்த கரிம மாதிரிக்கு, அமெரிக்காவுல பீட்டா ஆய்வகம் சொன்னது கி.மு. 580. அனுப்புன 6 மாதிரியில ஆகப் பழசு அதுதான். 200 செ.மீ. ஆழத்து மாதிரி கி.மு. 205தான். அந்தந்த மாதிரி கிடந்த மண்ணடுக்குக்குத்தான் அந்தந்த வயசு. கொந்தகை தனி இடம், தனிக் குழி. இந்த ரெண்டையும் சேத்து எழுதுனா நம்மளும் ஒரு ஃபார்வர்டுதான்.

[7:46] பாண்டி: சரிங்க சார் 🙏

[7:52] கவிதா: மியூசியத்துல தாழி, பானை ஓடு ரெண்டையும் கண்ணாடி வழியாத்தான் படம் எடுக்கணும். போன தடவ எல்லாத்துலயும் மேல எரியிற லைட்டுதான் விழுந்துச்சு.

[7:59] செல்வி அக்கா: அனுமதி கேட்டுக்க. ஃபிளாஷ் வேணாம். லென்ஸ கண்ணாடியோட ஒட்டிப் பிடி, சுத்தி கறுப்புத் துணி வச்சு மறை. வெள்ளைச் சட்டை போட்டுட்டு நின்னா அதுவும் கண்ணாடியில தெரியும். கீறல் எழுத்துக்கு நேர் வெளிச்சம் ஆகாது, பக்கவாட்டு வெளிச்சத்துலதான் கீறலுக்குள்ள நிழல் விழும். விளக்கு எந்தப் பக்கம்னு பாத்து, கீறல் எடுப்பாத் தெரியிற கோணத்துல நில்லு. அளவுகோல் உள்ள வைக்க முடியாதுல்ல, அதனால பக்கத்துல இருக்குற தகவல் பலகையையும் ஒரு படம் எடுத்துக்க. பேரு, அளவு அதப் பாத்து எழுதிக்கலாம்.

[8:03] பாண்டி: அட்டை 1080க்கு 1350. எழுத்து யூனிகோடுலயே அனுப்புங்க. பாமினிங்கிற பழைய எழுத்துருல வந்தா என் பக்கம் வெறும் இங்கிலீஷ் எழுத்தாத்தான் தெரியுது. என்கிட்ட இருக்குற பழைய ஃபோட்டோஷாப்புல, தமிழ் எழுத்தச் சரியாச் சேக்குற வேர்ல்ட்-ரெடி லேஅவுட்ங்கிற அமைப்பப் போடாட்டி கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்னு நிக்கும், அத நான் பாத்துக்கிறேன்.

[8:05] முருகேசன் சார்: அட்டையில இருக்குறதக் கீழ தட்டச்சும் பண்ணுங்க. நாளைக்கு "கொந்தகை"ன்னு தேடுறவனுக்கு மாட்டணும். பார்வை இல்லாதவங்க போனும் அதத்தான் வாசிக்கும்.

[8:06] பாண்டி: முடிச்சத டாக்குமெண்டா அனுப்புறேன். ஃபோட்டோவா அனுப்புனா வாட்ஸ்அப் அமுக்கிரும், பொடி எழுத்து மங்கிரும்.

[8:40] கவிதா: வாசகம்: "கீழடி மக்களின் இடுகாடாகக் கருதப்படுவது கொந்தகை. இங்கே தாழிகளும் மனித எலும்புகளும் கிடைத்துள்ளன. 18 அடி எலும்புக்கூடு என்று பரவும் படம், 2002இல் ஒரு போட்டிக்காகக் கணினியில் ஒட்டிச் செய்தது." போதுமா?

[8:44] முருகேசன் சார்: "சாதாரண உயரமுள்ள"ன்னு எலும்புக்கு முன்னாடி சேரும்மா. சண்டையே அதுக்குத்தான்.

[8:45] செல்வி அக்கா: தாழி வாய் மேல வெட்டுப்பட்டிருக்கு பாண்டி. முழுசாத் தெரியிற படமா மாத்துங்க.