வெளிநாட்டில் படித்தபோது நம்ம ஊர்ச் சாப்பாட்டையும் பண்டிகையையும் பகிர்ந்த அனுபவங்கள்

பென்னாகரத்திலிருந்து:

ஜெர்மனியில் முதுகலை படித்த காலத்தில், எங்கள் விடுதியில் பருவத்துக்கு ஒரு மாலை எல்லா நாட்டு மாணவர்களும் தங்கள் ஊர்ச் சாப்பாட்டைச் சமைத்து வைப்பார்கள். இந்தியர்கள் பக்கம் எப்போதும் பிரியாணியும் பனீரும்தான். நான் கேழ்வரகுக் களி கிண்டப் போகிறேன் என்றதும், "வேணாம்டா, கலரைப் பார்த்தே ஓடிடுவாங்க" என்றான் உடன் படித்த நண்பன். எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் களியும் கடைந்த கீரையும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். உன் ஊர்ச் சாப்பாட்டைக் கொண்டு வா என்றால் அதைத்தானே வைக்க வேண்டும்?

மாவு கிடைப்பது பெரிய பாடில்லை. இலங்கைத் தமிழர் கடைகளில் பாக்கெட்டில் குரக்கன் மா என்று போட்டிருக்கும், நம்ம கேழ்வரகு மாவுதான். கிண்டுவதுதான் பாடு. நொய் வெந்து கொதிக்கிற தண்ணீரில் மாவைக் குவித்துக் கொட்டி, நடுவில் குழி பண்ணி, மூடி வேகவிட்டு, அப்புறம் கட்டி தட்டாமல் ஒரே மூச்சில் கிண்ட வேண்டும். அங்கே மின் அடுப்பின் வழவழப்பான கண்ணாடி மேல் பாத்திரம் நிற்காமல் சுற்றிச் சுற்றி வந்தது.

அப்போது உகாண்டாவிலிருந்து வந்திருந்த ஒரு மாணவி எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. துணியைச் சுற்றிப் பாத்திரத்தின் காதைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மரக்கரண்டியைக் கையிலிருந்து வாங்கி, மாவைப் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்து அழுத்தி, தன் பக்கமாக இழுத்து இழுத்துக் கிண்டினார். எங்கள் அம்மா கிண்டும்போது தோள் எப்படி இறங்கி ஏறுமோ, அப்படியே. மேற்கு உகாண்டாவில் அவர்கள் வீட்டிலும் இந்த மாவில் செய்வார்களாம். கலோ என்று பெயர், சின்னக் கூடையில் மூடி வைத்துப் பரிமாறுவார்களாம். கேழ்வரகு முதலில் பயிரானதே எத்தியோப்பியா, உகாண்டா பக்கத்து மேட்டு நிலங்களில்தான், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம்ம பக்கம் வந்தது என்பதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. உருண்டையில் ஒரு கிள்ளு எடுத்து, கட்டைவிரலால் குழித்து, கீரையைத் தொட்டு மெல்லாமல் விழுங்கினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். கோதுமை ஒத்துக்கொள்ளாத ஜெர்மன் மாணவர் ஒருவர் மேசை மேசையாக விசாரித்துக்கொண்டே வந்தார். கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் கேழ்வரகில் கிடையாது. ஆனாலும் மாவுப் பாக்கெட்டை வாங்கிப் பின்பக்கம் முழுக்கப் படித்துவிட்டுத்தான் தட்டை நீட்டினார். மறுபடியும் வந்து வாங்கிப் போனார். சமைத்து வைக்கிறவர்கள் என்னென்ன சேர்த்தோம் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். அங்கே அதை நிஜமாகவே படிக்கிறார்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

களிக்குப் பிதுக்கம்பருப்புக் குழம்பு வைக்காமல் விட்டுவிட்டீர்களே! நான் நெதர்லாந்தில் படித்தபோது பொங்கலுக்கு அதைத்தான் வைத்தேன். ஜனவரியில் நம்ம பக்கம் பச்சை மொச்சை குவிந்து கிடக்கும். அங்கே காய்ந்த கொட்டைதான். ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் வீட்டில் இருந்த எல்லோரையும் பிதுக்க உட்கார வைத்தேன். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் பருப்பு தோலை விட்டுத் துள்ளி எதிரே இருப்பவர் மேல் போய் விழும். அதுவரை சமையலறையில் வணக்கம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்குத்தான் ஒருவரோடு ஒருவர் நிறையப் பேசினார்கள். சமைத்து வைத்துக் கூப்பிடுவதைவிட, வேலைக்கே கூப்பிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு இங்கிருந்து நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் பையில் எடுத்துப் போகக் கூடாது. மாம்பழத்துக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், ஆசையாகக் கட்டிக் கொடுக்கிற பழம் விமான நிலையத்திலேயே போய்விடும். பழத்துக்குப் பதில் மாம்பழக்கூழ் டின் எடுத்துப் போங்கள். நம்ம மாவட்டத்தில் பெங்களூரா மாம்பழம் அரைக்கிற ஆலைகளுக்கா பஞ்சம்? வெளிநாட்டுக் கடை அலமாரியிலேயேகூட கிருஷ்ணகிரி முகவரி போட்ட டின்னை நான் பார்த்திருக்கிறேன். வாங்கி வந்து, அந்த முகவரியைக் காட்டிக்கொண்டே எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தேன்.

ஓசூரிலிருந்து:

எங்கள் வீட்டில் தெலுங்கு, அதனால் யுகாதிதான் எங்களுக்குப் பெரிய பண்டிகை. 2023-இல் அது மார்ச் 22. அப்போது கனடாவில் இருந்தேன். என் அறைத்தோழி ஈரான் பெண். அவர்கள் புத்தாண்டு நவ்ரூஸ் அதற்கு முந்தின நாள்தான் வந்தது. பூண்டு, ஆப்பிள், வினிகர், முளைவிட்ட தானியம் என்று ஏழு பொருள்களை அடுக்கி வைத்திருந்தாள். அந்த மேசையை இரண்டு வாரத்துக்குக் கிட்ட எடுக்க மாட்டார்களாம். "உன்னுடையதையும் இங்கேயே வை" என்று இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

யுகாதிப் பச்சடிக்கு அம்மா காயவைத்து அனுப்பிய வேப்பம்பூ, வெல்லம், புளி, மிளகாய், உப்பு எல்லாம் இருந்தது. மாங்காய்தான் புளிப்பே இல்லாமல் கிடைத்தது. பச்சடியைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள், ஆனால் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் வைத்தாள்.

ஆடிப் பதினெட்டை வெளிநாட்டு ஆற்றங்கரையில் கொண்டாடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஒகேனக்கல் பக்கத்துக்காரர்கள் கட்டாயம் இருப்பீர்கள், சித்ரான்னம் கட்டிப் போன கதையை எழுதுங்களேன்.