தையல் வகுப்பு: ஓரளவு தெரிந்தவர்களுக்கு எங்கே?
கோவையில் இருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். மிதி மெஷினில் நேராகத் தைப்பேன், பாவாடை, தலையணை உறை, சுடிதார் டாப் வரைக்கும் வரும், ஆனால் லைனிங் வைத்த பிளவுஸ் என்றால் கை நின்றுவிடுகிறது, முக்கியமாகக் கைக்குழி வெட்டுவதும் டாட் (உடம்பு வடிவுக்கு ஏற்பத் துணியை மடித்துத் தைப்பது) பிடிப்பதும். விசாரித்த இடங்களில் ஊசியில் நூல் கோப்பது, ஹெம்மிங், காஜா என்று மறுபடி முதலிலிருந்து வரச் சொல்கிறார்கள், இல்லையென்றால் நேரே ஆரி எம்பிராய்டரி வேலைக்கு இழுக்கிறார்கள் (அதில்தான் இப்போது காசு போல). நடுவில் இருப்பவர்களுக்கு, அளவெடுத்து பேப்பரில் வரைந்து வெட்டுவதிலிருந்து பிரின்சஸ் கட் (டாட்டுக்குப் பதில் நீளத் தையல் வரும் பிளவுஸ்) வரை சொல்லித்தரும் வகுப்பு சிங்காநல்லூர், பீளமேடு பக்கம் இருக்கிறதா? சனி, ஞாயிறு என்றால் ரொம்ப நல்லது. கட்டணம் எவ்வளவு, ஒரு மெஷினுக்கு எத்தனை பேர் என்பதையும் சொல்லுங்கள். அப்புறம், அங்கே படித்துத் தைத்த பிளவுஸ் படம் இருந்தால் போடுங்கள், முதுகுப் பக்கமும் தெரிகிற மாதிரி.