ஆறரை மணி நேரத்தில் நியூயார்க்

அத்தை: டிக்கெட் வந்துவிட்டது! சிங்கப்பூரில் இரவு 11:50க்குக் கிளம்பினால் மறுநாள் காலை 6:30க்கு நியூயார்க். ஏழு மணி நேரம்கூட இல்லை. ஒரு தூக்கம் போட்டால் ஊர் வந்துவிடும்.

அண்ணன்: மூன்று தூக்கம் போடலாம் அத்தை 😄 கிட்டத்தட்ட பதினெட்டே முக்கால் மணி நேரம் ஆகும்.

அத்தை: டிக்கெட்டில் அப்படிப் போடவில்லையே?

அண்ணன்: கிளம்பும் நேரம் சிங்கப்பூர்க் கடிகாரப்படி, இறங்கும் நேரம் நியூயார்க் கடிகாரப்படி. இப்போது இரண்டுக்கும் 12 மணி நேர வித்தியாசம். நீங்கள் இறங்கும்போது இங்கே மாலை 6:30. இப்போது எண்ணிப் பாருங்கள்.

அத்தை: 18 மணி 40 நிமிடம். அம்மாடி!

சித்தப்பா: அவ்வளவு கஷ்டம் எதற்கு அக்கா? மேலே ஏறி அப்படியே நின்றால் போதும். பூமிதான் சுற்றுகிறதே, நியூயார்க் தானாகக் கீழே வந்துவிடும்.

அண்ணன்: காற்றும் அதில் இருப்பவையும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகின்றன சித்தப்பா. இல்லாவிட்டால் மாடியில் தூக்கிப் போட்ட பந்து பக்கத்துத் தெருவில் விழும்.

சித்தி: தூரம் எவ்வளவு? எந்தப் பக்கமாகப் போவார்கள், கிழக்கா மேற்கா?

தங்கை: 📷 சித்தி, என் உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் இல்லை! நேராக வடக்கே ஏறி, துருவத்தை ஒட்டி அந்தப் பக்கம் இறங்குகிறது. உச்சியில் இருக்கும் திருகில் நூல் சிக்கிக்கொண்டது.

அண்ணன்: சபாஷ். அந்த நூல்தான் மிகக் குறைந்த தூரம், சுமார் 15,300 கி.மீ.

சித்தப்பா: விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும். வகுத்தால் 17 மணி நேரம்தானே? மீதி எங்கே போனது?

அண்ணன்: விமானம் இங்கே நிலைய வாசலை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் வாசலில் நிற்கும்வரை கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் சேரும். அப்புறம், நூல் போன வழியில் விமானம் போவதும் அபூர்வம். பெரும்பாலும் ஜப்பான் பக்கமாகப் போய் வட பசிபிக்கைக் கடக்கும். தூரம் கூடும். ஆனால் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று, மணிக்கு 150, 200 கி.மீ. வேகத்தில் முதுகில் கைவைத்துத் தள்ளும். சுற்றிப் போனாலும் நேரம் மிச்சம். திரும்பும்போது அதே காற்றை எதிர்த்து வருவானேன் என்று அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வருவதும் உண்டு.

அத்தை: அப்படியென்றால் போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே. உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிடுவேன் என்று சொல்லு!

சித்தி: அண்ணி, நீங்கள் இறங்கியதும் பேசலாம் என்று காலை 6:30க்கு அலாரம் வைத்திருந்தேன்.

அண்ணன்: மாலை 7:30க்கு மாற்றுங்கள் சித்தி. குடிநுழைவு வரிசை வேறு இருக்கிறது. அத்தை, மாத்திரையைப் பெரிய பெட்டியில் போட்டுவிடாதீர்கள், கைப்பையில் இருக்கட்டும். எந்தக் கடிகாரப்படி போடுவது என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். நடுநடுவே எழுந்து நடக்கவும் வேண்டும்.

அத்தை: நடக்க வேண்டுமா? ஆறரை மணி நேரம்தானே என்று ஜன்னல் சீட்டைக் கேட்டு வாங்கினேனே. அதை மாற்ற முடியுமா, பாரு.