தென்னையில் விழுந்த இடி, தோட்டத்துக் கூடத்தில் போன கருவிகள்

மின்னல் நம் கூரையில்தான் இறங்க வேண்டும் என்பதில்லை. அழகர்கோயில் சாலையை ஒட்டிய எங்கள் ஊரில், போன கோடை மழையின்போது பக்கத்துத் தோப்புத் தென்னையில் இடி விழுந்தது. வீட்டுக்குப் பின்னால், கூரையைத் தள்ளித் திறக்கும் எங்கள் வானோக்குக் கூடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டார் போர்டு, கேமரா, யூஎஸ்பி ஹப், சிறு கணினி எல்லாம் போய்விட்டன. அழகர்மலை மேல் மேகம் கட்டியதுமே மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவி வைத்திருந்தேன். பிறகு எந்த வழியாக வந்தது?

டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் போர்டு பழுதுபார்க்கும் தம்பி ஒருவர் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துக் காட்டினார். பவர் நுழையும் பக்கத்து ஃபியூஸ் அப்படியே இருந்தது. நெட்வொர்க் கேபிள் செருகும் இடத்துக்குப் பின்னால் இருந்த ஐசி சில்லின் முதுகில்தான் ஊசிமுனை அளவு குழி. சுற்றிலும் பழுப்பு வளையம். அதை ஒட்டி ஓடிய செம்புத் தடம் ஆவியாகியிருந்தது. “கரண்ட் லைனில் வரவில்லை சார், கேபிளில் வந்திருக்கிறது” என்றார்.

அவர் சொன்னது சரி. ஒரு மின்னலில் 30,000 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் மண்ணில் இறங்குவது சாதாரணம். விழுந்த இடத்தைச் சுற்றி மண்ணின் மின்னழுத்தமே எகிறும். வீட்டுக்கு ஓர் எர்த், கூடத்துக்குத் தனி எர்த் என்றால் இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் வரும். இரண்டையும் சேர்த்துக் கிடப்பது நெட்வொர்க் கேபிளின் செம்பு மட்டும்தான். 5 வோல்ட்டில் ஓடும் யூஎஸ்பி சில்லு அதைத் தாங்குமா?

இரண்டு எர்த்தையும் தடித்த செம்புப் பட்டையால் இணைத்துவிட்டேன். கூடத்துக்கு இப்போது கண்ணாடி இழைக் கேபிள் போகிறது. வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: இணைய இணைப்புக்குத் தெருவில் இழுக்கும் இழைக் கேபிள்கள் பலவற்றில் தாங்குவதற்காக எஃகுக் கம்பி இருக்கும். உலோகமே இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

மேலூரிலிருந்து:

அண்ணன் எழுதியதோடு எங்கள் அனுபவத்தையும் சேர்க்கிறேன். இடி விழுந்த அன்று எதுவும் போகவில்லை என்றே நம்பினோம். குவியம் சரிசெய்யும் மோட்டார் சில வாரங்கள் ஓடிவிட்டுத்தான் நின்றது. அடிபட்ட ஐசி உடனே சாக வேண்டியதில்லை. எங்கள் மண் வேறு பாறை மண். கோடையில் எர்த் குழி காய்ந்தால் பெயருக்குத்தான் எர்த். கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறோம்.

திருமங்கலத்திலிருந்து:

இடிச் சத்தம் கேட்ட பிறகு கேபிளை உருவ ஓடுகிறார்களே, அதுதான் எனக்குப் பயம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 3 நொடி என்றால் அது வெறும் 1 கிலோமீட்டர் தூரம். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி, சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழுவதைக் காட்டுகிறது. அதைப் பார்த்து முன்னதாகவே எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறோம். நேரம் தவறினால் கூடத்துப் பக்கம் யாரையும் போக விடுவதில்லை.