ஆரக்கிள் ஏத்துறதுக்கு முன்னாடி கெர்னல் செட்டிங் – யாருக்கு எங்க இடிச்சுது, எழுதுங்க

ஷெல்பிரியன்:
ரேம் 64 ஜிபி, லினக்ஸ், ஆரக்கிள் 11ஜி. டேட்டாபேஸ் ரொம்ப நாளா ஒழுங்காத்தான் ஓடிட்டு இருந்துச்சு. லோடு கூடுதேன்னு எஸ்ஜிஏவை (ஆரக்கிள் ப்ராசஸ் எல்லாம் சேந்து பயன்படுத்துற ஷேர்டு மெமரி) 24 ஜிபி ஆக்கிட்டு ஸ்டார்ட்அப் குடுத்தா ஓஆர்ஏ-27102, அவுட் ஆஃப் மெமரின்னு நிக்குது, அதுக்குக் கீழயே எரர் 28, நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ். அதைப் படிச்சதும் டீம்ல பாதி பேர் டிஸ்க்கைப் பாக்க போயிட்டாங்க, டிஸ்க்ல இடம் தாராளமா கெடக்கு, ரேமும் காலியாத்தான் இருக்கு.

விஷயம் எஸ்எச்எம்ஆல்ல இருந்துச்சு, ஷேர்டு மெமரிக்கு கெர்னல் வைக்கிற வரம்புகள்ல அது ஒண்ணு, எஸ்எச்எம்மேக்ஸ் இன்னொண்ணு. எல்லாரும் எஸ்எச்எம்மேக்ஸை மட்டும் பாத்து ஏத்திட்டு விட்டுடுறாங்க. மேக்ஸ் வந்து பைட் கணக்கு, ஒரு செக்மென்ட் எவ்ளோ பெருசா இருக்கலாம்ங்கறது. ஆல் வந்து பேஜ் (மெமரியைப் பிரிக்கிற 4 கேபி துண்டு) கணக்கு, மொத்த மெஷினுக்கும் சேத்து. கெர்னல் செட்டிங் ஃபைல்ல ஆல் 2097152ன்னு இருந்துச்சு, பழைய இன்ஸ்டால் கைடுல வர்ற அதே நம்பர், 4 கேபியால பெருக்கிப் பாருங்க, 8 ஜிபிதான் வரும், அதுல 24 எங்கேர்ந்து போகும்? இன்ஸ்டாலர் செக்ல இது மாட்டாது, அது மினிமம் இருக்கான்னு பாத்துட்டு பாஸ் போட்டுடும். 8388608 ஆக்கி, அதாவது 32 ஜிபி, சிஸ்சிடிஎல் மைனஸ் பி (அந்த ஃபைலைத் திரும்பப் படிக்க வைக்குற கமாண்ட்) குடுத்தோம், ரீபூட்கூட இல்லாம டேட்டாபேஸ் மேல வந்துடுச்சு.

இரவு_ஷிப்ட்:
அண்ணே அதோட முடியல, அதே 24 ஜிபிக்கு அடுத்த அடி ஹியூஜ் பேஜ்ல விழும், அதாவது 4 கேபிக்குப் பதிலா 2 எம்பி பேஜ் வைக்கலன்னா. ஒவ்வொரு கனெக்‌ஷனும் ஒரு தனி ப்ராசஸ், ஒவ்வொண்ணுக்கும் தனி பேஜ் டேபிள் (எந்த பேஜ் ரேம்ல எங்க இருக்குன்னு காட்டுற பட்டியல்), 4 கேபிக்கு ஒரு என்ட்ரி, என்ட்ரிக்கு 8 பைட், அப்போ எஸ்ஜிஏ முழுசையும் தொட்ட ஒரு ப்ராசஸுக்கு 48 எம்பி. 500 பேர் உள்ள வந்தா பேஜ் டேபிளுக்கே 23 ஜிபி போயிடும், யாருமே எதிர்பாக்காத எடத்துல ரேம் காலி. லினக்ஸ் மெமரி கணக்கு காட்டுற மெம்இன்ஃபோல பேஜ்டேபிள்ஸ்னு ஒரு வரி இருக்கு, ரேம் பத்தாம சர்வர் டிஸ்க்குக்கு ஸ்வாப் ஆக ஆரம்பிச்சா மொதல்ல அதைப் பாருங்க. 2 எம்பி பேஜா மாத்தினா 12288 பேஜ்ல முடிஞ்சுது, அதுக்கு மேல கொஞ்சம் சேத்து வைங்க. ஆனா மெமரி டார்கெட் (மெமரியை ஆரக்கிளே தானா பிரிச்சுக்குற செட்டிங்) வெச்சிருந்தா ஹியூஜ் பேஜை ஆரக்கிள் எடுக்காது, மெம்லாக் லிமிட் (ரேம்ல பூட்டி வைக்கக்கூடிய அளவு) கம்மியா இருந்தாலும் எடுக்காது. அப்போ ஒதுக்கின ரேம் வேற யாருக்கும் கிடைக்காம சும்மா கெடக்கும், ஒதுக்காததைவிட இது மோசம். ட்ரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜ் (கெர்னலே தானா பெரிய பேஜ் போடுறது) வேற சமாச்சாரம், அதை ஆஃப் பண்ணிடுங்க.

யானைப்பாகன்:
நான் போஸ்ட்கிரெஸ் (இன்னொரு டேட்டாபேஸ்) ஆளு. 2013ல வந்த 9.3லேர்ந்து ஷேர்டு மெமரிக்கு எம்மேப்தான் (எஸ்எச்எம்மேக்ஸ் வரம்புக்குள்ள வராத வேற வழி), எஸ்எச்எம்மேக்ஸ் தலைவலி எங்களுக்குப் போயே போச்சு, இன்னும் பழைய நோட்ஸ் பாத்து அதை ஏத்துறவங்க இருக்காங்க, பிரயோஜனமே இல்ல. எங்களுக்கு பயம் ஓஓஎம் கில்லர்தான், ரேம் பத்தலன்னா ப்ராசஸைக் கொல்ற கெர்னல் பகுதி. ரேம் தீந்ததும் ஒரு பேக்எண்டை (ஒரு கனெக்‌ஷனோட ப்ராசஸ்) அது கில் பண்ணும், தலைமை ப்ராசஸான போஸ்ட்மாஸ்டர் உடனே மத்த எல்லா கனெக்‌ஷனையும் அறுத்துட்டு ரெக்கவரிக்குப் போயிடும், ஒரு க்வெரியால மொத்த ஆப்பும் படுத்துடும். டேட்டாபேஸ் மட்டும் இருக்குற மெஷின்ல ஓவர்கமிட் மெமரி செட்டிங்கை 2 ஆக்கினதுக்கப்புறம் (வரம்பு தாண்டி மெமரி கேட்டா கெர்னல் தராது) அந்த ஒரு க்வெரி மட்டும் எரர் ஆகி நின்னுடுது, மத்தவங்க வேலை நடக்குது.

புதுசு_டிபிஏ:
ஆரக்கிள் லினக்ஸ்ல ப்ரீஇன்ஸ்டால் ஆர்பிஎம் (ஆரக்கிளுக்கு மெஷினைத் தயார் பண்ற பேக்கேஜ்) போட்டா எல்லாம் அதுவே செட் பண்ணிடுதே, எதுக்கு இவ்ளோ கஷ்டம்?

ஷெல்பிரியன்:
தாராளமா போடு தம்பி, எஸ்எச்எம்மேக்ஸ், எஸ்எச்எம்ஆல், செமஃபோர், யூசர், குரூப் எல்லாம் அது பாத்துக்கும், கையால எழுதுறதைவிட நல்லது. ஹியூஜ் பேஜ் எண்ணிக்கையை மட்டும் அது தொடாது, நீ எஸ்ஜிஏ எவ்ளோ வைக்கப் போறேன்னு அதுக்கு எப்படித் தெரியும். அதை நீதான் கணக்குப் போட்டு எழுதணும், எழுதிட்டு ஒரு ரீபூட் குடு, மெஷின் ரொம்ப நாள் ஓடினதுன்னா கேட்ட அளவு பேஜ் தொடர்ச்சியா கிடைக்காது.