27 புள்ளியை வைத்துக்கொண்டு அடுத்த சீசன் பிளேஆஃப் உறுதியாம்!

பெரியமேடு கேலரி:
கடைசி மேட்சில் ஜாம்ஷெட்பூரை 5-2 என்று அடித்தோம், சரி, சந்தோஷம். அதற்குள் நீலச்சட்டை இன்னொரு திரியில் "சென்னையின் எஃப்சிக்கு அடித்தளம் போட்டாயிற்று, அடுத்த சீசன் பிளேஆஃப் உறுதி" என்று எழுதிவிட்டார், அதற்கு நாற்பது பேர் கைதட்டுகிறார்கள். எந்த அடித்தளம் ஐயா? 13 அணிகள் ஆடும் ஐ.எஸ்.எல். கால்பந்து லீகில் 11ஆம் இடம். முதல் ஆறு இடத்துக்குத்தான் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்று. நமக்குக் கீழே ஹைதராபாத், முகமதன், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். 2022-23இல் 20 ஆட்டம், 27 புள்ளி, எட்டாம் இடம். 2023-24இல் 22 ஆட்டம், 27 புள்ளி, ஆறாம் இடம். இந்த 2024-25இல் 24 ஆட்டம், அதே 27 புள்ளி, பதினோராம் இடம். வருஷத்துக்கு ரெண்டு மேட்ச் கூடுகிறது, புள்ளி மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. மூன்று வருஷமாக 27. இதைப் போய் அடித்தளம் என்றால் எனக்கு எரிச்சல் வராமல் என்ன வரும்?

நீலச்சட்டை:
என் பேரைச் சொல்லித் திரி திறக்கும் அளவுக்கு நான் பெரிய ஆளாகிவிட்டேனா, நன்றி அண்ணே. ஒரே ஒரு கேள்வி. போன சீசன் நம்மை பிளேஆஃப் கொண்டுபோனது எத்தனை புள்ளி? 27. அன்றைக்கு ஆஹா ஓஹோ என்று எழுதியது யார்? நீங்கள். அதே 27 இன்றைக்கு மட்டும் கேவலமாகிவிட்டதா?

இந்த சீசன் பட்டியலை முழுசாகப் பாருங்கள். கேரளா 29, ஈஸ்ட் பெங்கால் 28, பஞ்சாப் 28. இன்னும் ஒரு மேட்ச் ஜெயித்திருந்தால் நாம் 30, எட்டாம் இடம். ஒரு மேட்ச்! பதினொன்று என்று சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். ஒடிசாவை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று தோற்கடித்து, ஃபாரூக் ரெண்டு கோல் போட்டு ஆரம்பித்த சீசன் இது. ஜாம்ஷெட்பூரை அங்கே 5-1, இங்கே 5-2. அவர்கள் ஐந்தாம் இடத்து அணி, மறக்க வேண்டாம்.

பெரியமேடு கேலரி:
எட்டாம் இடத்துக்கு எந்த ஊரில் பிளேஆஃப் டிக்கெட் கொடுக்கிறார்கள் என்று சொல்லுங்கள், நானும் வருகிறேன். ஆறாவதாக உள்ளே போன மும்பை 36 புள்ளி. நமக்கும் அவர்களுக்கும் 9 புள்ளி இடைவெளி. நீங்கள் 28, 29 என்று பக்கத்து வீட்டையே எட்டிப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள்.

ஜாம்ஷெட்பூர் கதையையும் முடித்துவிடுகிறேன். சீசன் முழுக்க நாம் போட்டது 34 கோல். அதில் 10 கோல் அந்த ஒரே அணிக்கு எதிராக. மீதி 22 ஆட்டத்தில் 24 கோல். இதுதான் உங்கள் அடித்தளம்.

27ஐப் பற்றிக் கேட்டீர்கள், பதில் சொல்கிறேன். 20 ஆட்டத்தில் 27 என்றால் ஆட்டத்துக்கு 1.35. 22 ஆட்டத்தில் 1.23. 24 ஆட்டத்தில் 1.13கூட இல்லை. 27 அப்படியே நிற்கவில்லை தம்பி, வருஷா வருஷம் இறங்கிக்கொண்டு இருக்கிறது.

நீலச்சட்டை:
தசமப் புள்ளியை வைத்தா பிளேஆஃப் முடிவாகிறது? 27 என்றால் 27. அதே எண்ணில் 2024இல் உள்ளே போனோம், 2025இல் வெளியே நின்றோம். மற்ற அணிகள் எப்படி ஆடுகின்றன என்பதைப் பொறுத்த விஷயம் இது. அடுத்த வருஷம் மறுபடி காற்று நம் பக்கம் அடிக்கலாம்.

பெரியமேடு கேலரி:
ஆக "உறுதி" இப்போது "காற்று அடிக்கலாம்" ஆகிவிட்டது. நல்லது.

வியாசர்பாடி விங்கர்:
ரெண்டு பேரும் 27, 27 என்று கத்துகிறீர்கள், அந்த 27ஐ எடுத்தவர்களில் நம்ம ஊர்ப் பையன்கள் எத்தனை பேர் என்று யாராவது பார்த்தீர்களா? நந்தகுமார் எங்கள் ஏரியாப் பையன், ஈஸ்ட் பெங்காலில் ஆடுகிறார். 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிரான டெர்பியில் அவர் ஒருவர் போட்ட கோலில்தான் ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று ஜெயித்தது. சிவசக்தி சிவகங்கைப் பக்கம், பெங்களூருவில் ஆடுகிறார். தமிழ்நாட்டுக்காரன் எல்லா ஊரிலும் கோல் போடுகிறான், சென்னையில் மட்டும் இடம் இல்லை. முதலில் அதைப் பேசுங்கள், அப்புறம் பிளேஆஃப்.

கொச்சி மஞ்சள்:
வணக்கம். வேலை காரணமாகக் கொச்சியில் இருக்கும் தமிழன், கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகன். ஒரு சின்னத் தகவல் மட்டும். நவம்பரில் கொச்சியில் 3-0. ஜனவரி 30 உங்கள் ஊரிலேயே 3-1. ரெண்டும் எங்கள் வெற்றி. நீங்கள் 27ஐப் பற்றி நிதானமாகப் பேசுங்கள், நாங்கள் 29இல் இருந்து வேடிக்கை பார்க்கிறோம்.

பெரியமேடு கேலரி:
வாங்க. 2014, 2016, 2022 என்று மூன்று ஃபைனல் தோற்றவர்கள், ஒரு கோப்பைகூட இல்லாதவர்கள் எங்கள் திரியில் வந்து கணக்கு சொல்லும் காலம் வந்துவிட்டது. 2015 ஃபைனலில் கோவாவிடம் அவர்கள் ஊரிலேயே 90ஆவது நிமிஷம் வரை 2-1 என்று பின்தங்கி நின்றோம். அவர்கள் கோல்கீப்பர் கட்டிமணி கையில் பட்டு உள்ளே போனது ஒன்று, அடுத்து மென்டோசா ஒன்று, 3-2, கோப்பை எங்களுக்கு. அந்த டிசம்பர் சென்னை தண்ணீரில் கிடந்தது, அரையிறுதி ஹோம் மேட்சையே புனேயில் ஆடிய அணி அது. 2018இல் பெங்களூரு அணி லீகில் நம்மைவிட 8 புள்ளி அதிகம் எடுத்து முதலிடத்தில் இருந்தது. ஃபைனலில் அவர்கள் மைதானத்திலேயே மெய்ல்சன் ஆல்வ்ஸ் தலையாலேயே ரெண்டு, ரஃபேல் அகுஸ்தோ ஒன்று. மறுபடி 3-2. அலமாரியில் ரெண்டு கோப்பை இருக்கிறது. உங்கள் அலமாரியைத் திறந்து காட்டுங்கள்.

நீலச்சட்டை:
இந்த ஒரு பதிவுக்கு மட்டும் அண்ணனுக்கு ஒரு லைக். ஆனால் கவனித்தீர்களா, 2018இல் 8 புள்ளி பின்தங்கியும் கோப்பை நமக்குத்தான் வந்தது. உள்ளே போய்விட்டால் போதும் என்றுதானே நானும் சொல்கிறேன்?

பெரியமேடு கேலரி:
அந்த வருஷம் 18 ஆட்டத்தில் 32 புள்ளி எடுத்து ரெண்டாம் இடத்தில் உள்ளே போனோம். 24 ஆட்டத்தில் 27 எடுத்து இல்லை! திரும்பவும் சொல்கிறேன், 18 ஆட்டத்தில் 32. இப்போது ஆறு ஆட்டம் கூடுதல், ஐந்து புள்ளி குறைவு. என் வாயை அடைக்க நீங்கள் எடுத்த உதாரணமே உங்களை அடிக்கிறது.

கொச்சி மஞ்சள்:
ஜனவரி 30க்கு இன்னும் பதில் வரவில்லை.

நீலச்சட்டை:
அந்த மேட்சில் நம்ம வில்மார் ஜோர்டான் 37ஆவது நிமிஷத்திலேயே சிவப்பு அட்டை வாங்கிப் போய்விட்டார். பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஐம்பது நிமிஷத்துக்கு மேல் ஆடினோம். அதை எல்லாம் சொல்லாமல் ஸ்கோரை மட்டும் போடுவது என்ன நியாயம்?

பெரியமேடு கேலரி:
அட்டை வாங்கியது யாருடைய தப்பு, நடுவருடைய தப்பா? நான் அன்றைக்கு நேரு ஸ்டேடியத்தில் இருந்தேன். அவர் தலை குனிந்துகொண்டு வெளியே போகும்போது மஞ்சள் சட்டைக்காரர்கள் டிரம்மை நிறுத்தவே இல்லை. நம்ம பக்கம் அரை கேலரி காலி, என் பக்கத்தில் ஒருத்தர் பையனைத் தூக்கிக்கொண்டு இடைவேளைக்கு முன்பே கிளம்பிவிட்டார். சொந்த ஊரில் நமக்கு அப்படி ஒரு நிலைமை. நீலச்சட்டை அன்றைக்கு எங்கே இருந்தார்? போனில் ஹைலைட்ஸ். அதனால்தான் அவருக்கு எல்லாமே "ஒரு மேட்ச் வித்தியாசம்".

நீலச்சட்டை:
நான் வருகிறேனா இல்லையா என்று கேட்டில் நின்று எண்ணிக்கொண்டு இருந்தீர்களா? எனக்கு நைட் ஷிஃப்ட். வாரநாள் ராத்திரி ஏழரை மணிக்கு மேட்ச் வைத்தால் எல்லோராலும் வரமுடியாது. டிக்கெட் கிழித்தவன்தான் ரசிகன் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

வியாசர்பாடி விங்கர்:
ஸ்டேடியம் ஏன் காலி என்று கேட்டால் அதற்கும் என் பதில்தான். தெரு டோர்னமென்ட் நடந்தால் எங்கள் ஏரியாவே கிரவுண்டைச் சுற்றி நிற்கும். பக்கத்து வீட்டுப் பையன் ஆடுகிறான் என்றால் வருவார்கள். இந்த கிளப்பில் யாரைப் பார்க்க வருவார்கள்?

கோவை கோல்கிக்:
உள்ளூர்ப் பையன்கள் என்ற பேச்சு வந்துவிட்டதால் நானும் வருகிறேன். 2018-19இல் சென்னை சிட்டி என்ற அணி கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் ஆடி, ஐ.எஸ்.எல். இல்லாத இன்னொரு தேசிய லீகான ஐ-லீக்கில் சாம்பியன் ஆனது. கடைசி நாளில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று தோற்கடித்து, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். எட்வின் சிட்னி வான்ஸ்பால் சென்னைக்காரர், அந்த அணியில்தான் இருந்தார். அதே வருஷம் உங்கள் சென்னையின் எஃப்சி 18 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்து ஐ.எஸ்.எல்.லில் கடைசி. முந்தின வருஷச் சாம்பியன்! தமிழ்நாட்டுக் கால்பந்து என்றால் எல்லாமே பெரியமேட்டில்தான் நடக்கிறது என்று எழுதுகிறீர்களே, அதுதான் வலிக்கிறது.

பெரியமேடு கேலரி:
2018-19ஐ நான் மறைத்தேனா? ரெண்டு வெற்றி, 13 தோல்வி, எல்லாம் மனப்பாடம். ஆனால் அடுத்த வருஷமே நடுவில் ஓவன் கோய்ல் கோச்சாக வந்து, அடிமட்டத்தில் கிடந்த அணியைத் தூக்கி 18 ஆட்டத்தில் 29 புள்ளி, நாலாம் இடம், ஃபைனல். வால்ஸ்கிஸ் 15 கோல். அப்போது முதல் நாலு அணிக்குத்தான் இடம். ஆறு அணி என்று மாற்றியதே 2022-23இல்தான். பழைய முறை இருந்திருந்தால் 2024இல் நீங்கள் கொண்டாடிய அந்த ஆறாம் இடத்துக்கும் வீட்டுக்குத்தான் போயிருப்போம். அதற்குக்கூட ஏப்ரல் 9 நார்த்ஈஸ்ட்டைக் கடைசி நேரத்தில் அங்கித் முகர்ஜி கோலில் ஜெயித்துவிட்டு, மறுநாள் பஞ்சாப் 4-1 என்று ஈஸ்ட் பெங்காலை அடிக்கும் வரை டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் கோவாவில் 2-1 என்று தோற்றோம், கதை முடிந்தது. 27 நம்மைக் கொண்டுபோகவில்லை, பஞ்சாப் கொண்டுபோனது.

நீலச்சட்டை:
பஞ்சாபாம்! கொல்கத்தாவில் மோகன் பகானை 3-2 என்று தோற்கடித்தது யார், பஞ்சாபா? பெனால்டியில் 2-2 ஆன பிறகு 97ஆவது நிமிஷம் இர்ஃபான் யத்வாட் போட்டாரே, அதுவும் பஞ்சாப் கணக்கா? அந்த வருஷம் லீகில் முதலிடம் பிடித்து ஷீல்டு வாங்கிய அணி அது. அந்த மூன்று புள்ளி இல்லாவிட்டால் 27 ஏது? நீங்களே கோய்லைப் புகழ்ந்துவிட்டு நீங்களே அவரைக் கீழே தள்ளுகிறீர்கள். ஜாம்ஷெட்பூருக்கு 2021-22இல் ஷீல்டு வாங்கிக் கொடுத்த கோச் அவர். நேரம் கொடுங்கள்.

பெரியமேடு கேலரி:
2023இல் கோய்ல் திரும்பி வந்ததில் இருந்து ரெண்டு சீசன் நேரம் கொடுத்தாயிற்று. 27, மறுபடி 27. இன்னும் எத்தனை 27 வேண்டும்? 36 எடுக்கும் அணியைக் காட்டுங்கள், நானே முதல் ஆளாக வந்து சீசன் டிக்கெட் வாங்குகிறேன்.

நீலச்சட்டை:
மூன்று வெற்றி. 27உடன் மூன்று வெற்றி சேர்த்தால் 36. நீங்கள் மலை மாதிரி காட்டும் 9 புள்ளி வெறும் மூன்று மேட்ச். அடுத்த சீசன் பிளேஆஃப் உறுதி. மறுபடி எழுதுகிறேன், உறுதி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியமேடு கேலரி:
எடுத்துவிட்டேன். 2023இல் நீங்கள் எழுதியதும் பக்கத்திலேயே இருக்கிறது.

கொச்சி மஞ்சள்:
அலமாரி, அலமாரி என்கிறீர்கள், 2018க்குப் பிறகு அதில் என்ன வைத்தீர்கள் என்று சொல்லவில்லையே.

வியாசர்பாடி விங்கர்:
இவ்வளவு எழுதியும் நந்தகுமார் பற்றி ஒருத்தர்கூடப் பதில் சொல்லவில்லை பாருங்கள்.

கோவை கோல்கிக்:
சென்னை சிட்டி பற்றியும்தான். எங்கள் ஐ-லீக் கோப்பையை ஒரு வரியில்கூட ஏற்றுக்கொள்ளாமல் கோய்ல் கதைக்குத் தாவிவிட்டார்.

பெரியமேடு கேலரி:
கோவை நண்பருக்கு: ஐ-லீக்கையும் ஐ.எஸ்.எல்.லையும் ஒரே தராசில் வைக்க முடியாது, அதற்குத் தனித் திரி திறங்கள், அங்கே வந்து பேசுகிறேன்.

கோவை கோல்கிக்:
திறந்துவிட்டேன். வாருங்கள், அந்த சீசனில் பெத்ரோ மன்சி 21 கோல் போட்டதில் இருந்து ஆரம்பிக்கலாம்.